பேக்லிங்க், அதாவது மத்த சைட்ல இருந்து நம்ம பிளாக்குக்கு லிங்க், போட்டுத் தர்றேன்னு சொல்லி 14,500 ரூபா வாங்கிட்டுப் போனவன் கதை, புதுசா பிளாக் வெச்சிருக்கவங்க படிங்க

போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச கையோட நான் ரங்கூன்ல இருந்து ஒரு சமையல் பிளாக் ஆரம்பிச்சேன். எங்க மாமியார் கைப்பக்குவத்துல மொய்ங்கா, கௌசுவே, லஃபெட்டு, அப்புறம் நம்ம வீடுகள்ல மட்டும் இருக்குற அந்த பாதி பர்மா பாதி ராமநாதபுரம் குழம்பு வகை எல்லாத்தையும் அளவோட எழுதி வெச்சிடணும்னு ஆசை, அவங்களுக்கும் வயசாயிடுச்சு, கேட்டா "கையளவுதான்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மூணு மாசத்துல இருபத்தேழு பதிவு போட்டேன். படிச்சது யாருன்னு பாத்தா நான், எங்க வீட்டுக்காரரு, சென்னை வியாசர்பாடியில இருக்குற சித்தப்பா பையன். 1964-ல பர்மாவுல இருந்து கப்பல் ஏறிப் போன குடும்பம் அது, அவனுக்கு இந்த சாப்பாட்டு மேல தனிப் பைத்தியம்.

அந்த நேரம் பாத்து ஒருத்தன் மெசேஜ் பண்றான். "வணக்கம்க்கா, உங்க பிளாக் பாத்தேன், கன்டென்ட் செம, ஆனா டிஏ வெறும் 2 தான் இருக்கு, அதான் கூகுள் உங்கள மேல தூக்க மாட்டேங்குது." எனக்கு அப்ப டிஏன்னா என்னன்னே தெரியாது (சைட்டுக்குப் போடுற ஒரு மார்க், பின்னாடி சொல்றேன்), ஆனா 2ன்னு சொன்னதும் பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி வயித்தைப் பிசைஞ்சது. 400 டோஃபாலோ பேக்லிங்க் (கூகுள் கணக்குல எடுத்துக்குற லிங்க்காம்), எல்லாமே டிஏ 50-க்கு மேல இருக்குற சைட்ல, கூடவே 30 கெஸ்ட் போஸ்ட் (மத்தவங்க சைட்ல நம்ம லிங்க்கோட போடுற கட்டுரை), மூணு மாசத்துல டிஏ 20 தாண்டும், கூகுள்ல முதல் பக்கம் கேரண்டின்னான். 18,000 சொன்னான், பேசிப் பேசி 14,500-க்கு வந்தான். இங்கேருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்புறது லேசுப்பட்ட காரியமான்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும், அதனால தம்பிகிட்ட சொல்லி தம்பி ஜிபேல போட்டான், நான் தம்பிக்கு அதை ஊருக்குப் போறவங்க கையில குடுத்து விடுறதா ஏற்பாடு. அந்த ரூபாயை பர்மா காசு கியாட்ல கணக்குப் போட்டுப் பாக்க எனக்கு இன்னைக்கும் தைரியம் வரல.

மூணு வாரம் கழிச்சு ஒரு எக்செல் ஷீட் வந்துச்சு. 412 வரி, சொன்னதுக்கு மேல பன்னெண்டு எக்ஸ்ட்ரா வேற, "உங்களுக்காகக்கா"ன்னு. டிஏவும் சொன்ன மாதிரியே ஏறிடுச்சு, 21. நான் வீட்ல பாயசம் வெக்காத குறை.

அடுத்த மாசம் ஒரு ராத்திரி கரண்ட் வந்ததும் அந்த ஷீட்டைத் தெறந்து ஒவ்வொரு லிங்க்கா கிளிக் பண்ண ஆரம்பிச்சேன், ஏன்னா படிக்கிற ஆளு அப்பவும் அதே மூணு பேருதான். மொத லிங்க் ஏதோ ஐரோப்பா மொழியில கூரை ஓடு மாத்துறதப் பத்தின பக்கம், அதுல ஏழாவது பத்தி நடுவுல சம்பந்தா சம்பந்தமே இல்லாம "சிறந்த பர்மா சமையல் குறிப்பு"ன்னு தமிழ்ல நீலக் கலர்ல என் லிங்க். ரெண்டாவது ஆன்லைன் சூதாட்டப் பக்கம், அதுலயும் அதே நாலு வார்த்தை. மூணாவது, நாலாவது, அம்பதாவது, எல்லாத்துலயும் அட்சரம் பிசகாம அதே "சிறந்த பர்மா சமையல் குறிப்பு". நெசமா ஒரு மனுஷன் லிங்க் குடுத்தா ஒருத்தர் "இந்த அக்கா எழுதின மொய்ங்கா"ம்பாரு, இன்னொருத்தர் வெறும் "இங்க பாருங்க"ம்பாரு, நானூறு பேரு ஒரே வார்த்தையை ஒப்பிக்க மாட்டாங்க. எனக்கே தெரியுது, கூகுளுக்குத் தெரியாதா?

கெஸ்ட் போஸ்ட்னு சொன்னானே, அதுதான் ரத்தக் கொதிப்பு. மெஷின்ல அரைச்சுத் துப்புன தமிழ். ஒரு கட்டுரையில "மொய்ங்கா என்பது உடல் எடையைக் குறைக்கும் பழமையான மூலிகைத் தேநீர்"னு இருக்கு. மீனை வேகவெச்சு முள்ளு எடுத்து எலுமிச்சைப்புல்லும் வாழைத்தண்டும் போட்டு காலங்காத்தால குடிக்கிற கொழம்புய்யா அது! அதுக்குக் கீழ என் பிளாக் பேரு. மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல.

இந்த சைட்டுக்கெல்லாம் எப்படி டிஏ 50ன்னு தோணுச்சு. அதுல ஒண்ண, சைட்டோட பழைய பக்கத்தையெல்லாம் காட்டுற வேபேக் மெஷின்ல போட்டுப் பாத்தேன், சில வருஷத்துக்கு முன்னாடி அது ஏதோ ஊர்ல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து சைட், கொழந்தைங்க படம் வரைஞ்சு ஒட்டியிருக்காங்க. அவங்க டொமைனை, அதாவது சைட் பேரை, புதுப்பிக்காம விட்டதும் எவனோ வாங்கி, பழைய பேருக்கு இருந்த மரியாதையை வெச்சு லிங்க் வியாபாரம் பண்றான். இப்படி வாங்கிக் கோத்து வெச்ச சைட் கூட்டத்துக்குப் பேரு பிபிஎன்னாம் (பிரைவேட் பிளாக் நெட்வொர்க்). காலாவதியான டொமைனை இப்படி உபயோகிக்கிறதை கூகுள் 2024 மார்ச்ல தனியா பேர் சொல்லியே ஸ்பாம் விதியில சேத்துடுச்சு.

டிஏங்கிறது, டொமைன் அத்தாரிட்டி, மோஸ்னு ஒரு கம்பெனி தானா கணக்குப் போட்டு ஒண்ணுல இருந்து நூறுக்குள்ள குடுக்குற ஒரு நம்பர். அஹ்ரெஃப்ஸ்னு இன்னொரு கம்பெனி குடுக்குற டிஆரும் அந்த மாதிரிதான். கூகுள் இது ரெண்டையும் வெச்சு யாரையும் மேல ஏத்துறதும் இல்ல, எறக்குறதும் இல்ல. குப்பை லிங்க்கை நெறைய கொட்டினாலே அந்த நம்பர் ஏறும், அதத்தான் அவன் செஞ்சான். யோசிச்சுப் பாத்தா அந்த நம்பர் விஷயத்துல மட்டும் அவன் பொய் சொல்லல, 2-ஐ 20-க்கு மேல ஏத்துறேன்னான், ஏத்திட்டான், நான்தான் நம்பரைக் காசு குடுத்து வாங்கிட்டு ஆள் வரும்னு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

டோஃபாலோன்னு ஒரு டேக்கே கிடையாதுங்கிறதும் அப்புறம்தான் தெரிஞ்சுது. நோஃபாலோ உண்டு, இந்த லிங்க்கை என் சிபாரிசா எடுத்துக்காதேன்னு கூகுளுக்குச் சொல்ற குறி, அது 2005-ல வந்தது, 2019-ல ஸ்பான்சர்டு (காசுக்குப் போட்ட லிங்க்), யூஜிசின்னு (கமெண்ட் மாதிரி படிக்கிறவங்க போடுற லிங்க்) இன்னும் ரெண்டு சேத்தாங்க. காசு வாங்கிட்டுக் குடுக்குற லிங்க்ல ஸ்பான்சர்டோ நோஃபாலோவோ போடணும்ங்கிறதுதான் கூகுள் விதி, அப்ப "காசுக்கு டோஃபாலோ"ன்னு விளம்பரம் பண்றவன் விதியை மீறித் தர்றேன்னுதான் பச்சையா சொல்றான். 2012-ல கூகுள் பெங்குயின்னு ஒரு அப்டேட் விட்டப்ப இந்த மாதிரி சைட்டெல்லாம் அடி வாங்குச்சாம், 2016-க்கு அப்புறம் பெரும்பாலும் அந்த லிங்க்கைக் கணக்குலயே சேக்காம விட்டுடுறாங்க. எனக்கு நடந்ததும் அதான். தண்டனையும் இல்ல, பிரயோஜனமும் இல்ல. கூகுளோட இலவச சர்ச் கன்சோல்ல, அவங்க ஆள் வெச்சுப் பாத்துக் குடுக்குற தண்டனையைக் காட்டுற மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்துல ஒண்ணும் வரலைன்னு பாத்தப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அவன்கிட்ட கேட்டேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனான், என் பிளாக் மொத எடத்துல இருக்கு. மேல தேடுன வார்த்தையப் பாத்தா என் பிளாக் பேரையே முழுசா டைப் பண்ணித் தேடியிருக்கான் படுபாவி! அதைச் சொன்னதும் "ரீஃபண்ட் பாலிசி இல்லக்கா, டிஏ ஏத்திட்டேன்ல"ன்னான், அதோட என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான்.

கதை இதோட முடியல. பத்து நாள் கழிச்சு வேற பேர்ல, வேற நம்பர்ல இருந்து பதட்டமா ஒரு மெசேஜ், "மேடம் உங்க சைட்டுல 380 டாக்சிக் லிங்க் இருக்கு, கூகுள் எப்ப வேணா தூக்கிடும், நாங்க கிளீன் பண்ணித் தர்றோம், 6,000 ரூபா." பயந்துதான் போனேன், மறுபடியும் தம்பியைப் புடிச்சேன். அவன் ஜிபேல ஐடியைப் போட்டதும் பணம் அனுப்பாம எனக்கு ஃபோன் பண்றான், "யக்கா, இது அந்தப் பழைய ஆளோட ஐடி, போன தடவை அனுப்புன 14,500 இதே சாட்ல மேல தெரியுது"ன்னு. குப்பையைக் கொட்டினவனே விளக்கமாத்தோட வந்து நிக்கிறான். ஒருவேளை ஜிபே அந்தப் பழைய கணக்கைக் காட்டாம இருந்தா அந்த ஆறாயிரமும் போயிருக்கும்.

கிளீன் பண்றதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். இந்த லிங்க்கையெல்லாம் கணக்குல எடுக்காதேன்னு சொல்றதுக்கு டிஸ்அவோன்னு ஒண்ணை கூகுளே இலவசமா குடுத்திருக்கு, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வரிக்கு ஒரு டொமைன் எழுதி ஏத்துறது. அதுவும் மேனுவல் ஆக்‌ஷன் வந்தாலோ வரப்போகுதுன்னு தெரிஞ்சாலோதான், மத்தவங்க தொடவே வேண்டாம்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. நான் தொடல. யாரு நமக்கு லிங்க் குடுத்திருக்காங்கன்னு பாக்கவும் காசு வேண்டாம், சர்ச் கன்சோல்ல லிங்க்ஸ்னு இருக்கு, அதுலயே வரும்.

இன்னைக்கு வரைக்கும் எனக்கு உருப்படியா வந்த லிங்க் நாலே நாலு. அதுல ஒண்ணு, சென்னையில விக்கிற பர்மா நூடுல்ஸ் அத்தோவோட பேரு பர்மாக்காரங்க "அதோ"ன்னு பிசைஞ்ச அயிட்டத்துக்குச் சொல்றதுல இருந்து வந்ததுன்னு நான் எழுதின பதிவுக்கு சென்னையில சாப்பாடு பத்தி எழுதுற ஒருத்தங்க குடுத்தது. இன்னொண்ணு லஃபெட்டு ஃபோட்டோ வேணும்னு கேட்டவரு, எடுத்துக்கோங்க, எங்கேருந்து எடுத்ததுன்னு மட்டும் போடுங்கன்னேன், போட்டாரு. அந்த ரெண்டு பேர் வழியா வர்ற ஆளுங்க நெசமா படிக்கிறாங்க, பூண்டு எண்ணெய் எவ்வளவு நேரம் காயணும்னு கேள்வி கேக்குறாங்க.

அவன் இன்னும் புதுப்புது நம்பர்ல சுத்திட்டுத்தான் இருக்கான். போன வாரம் மாண்டலேயில துணி டிசைன் பத்தி எழுதுற என் ஃபிரெண்டுக்கு வந்திருக்கு. "வணக்கம்க்கா, உங்க பிளாக் பாத்தேன், கன்டென்ட் செம, ஆனா டிஏ வெறும்..."னு ஆரம்பிக்கும். அவ பிளாக்ல அப்ப ஒரு பதிவுகூட இல்ல.