அணைந்தால் அணையட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக் காற்றில் பைப்

புகைபிடிக்கும் பைப் வாங்கிய முதல் மாதத்திலேயே அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் சொல்லும் காரணம் இரண்டுதான்: நாக்கு எரிகிறது, அடிக்கடி அணைந்துபோகிறது. இரண்டுக்கும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "மெதுவா இழுங்க." சரியான யோசனை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஈரப் புகையிலையை இறுக்கி அடைத்துவிட்டு மெதுவாக இழுத்தால் அணையத்தான் செய்யும். அணைகிறதே என்று வேகமாக இழுத்தால் நாக்கு வேகத்தான் செய்யும். பற்றவைப்பதற்கு அரை மணி முன்னால், புகையிலையைத் தாளில் பரப்பும்போதே பாதி வேகம் முடிவாகிவிடுகிறது.

இங்கே எழுதியிருப்பவை பிரையர் பைப், மக்காச்சோளச் சக்கை பைப் இரண்டையும் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிப் புழங்கியதில் நின்றவை. பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் வேர்முண்டு. சூடு தாங்கும், சீக்கிரம் கருகாது. சோளச் சக்கையில் பெயர்பெற்றது மிசௌரி மீர்ஷாம் என்ற நிறுவனம். அமெரிக்காவில் 1869 முதல் செய்துவருகிறார்கள். புதிதாகப் பழகுகிறவருக்குச் சோளச் சக்கையே போதும். விலை குறைவு, பழக்கித் தயார்செய்யும் வேலை இல்லை, சக்கை ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். முதல் சில தடவை மட்டும் கருகிய மர வாசம் அடிக்கும். தண்டின் மரமுனை, புகையிலை அடைக்கும் குழிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். அது கரியானதும் வாசம் போய்விடும். எந்தப் பைப் ஆனாலும் குழி 18 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமும் 30 முதல் 40 மில்லிமீட்டர் ஆழமும் இருந்தால் பழகுவதற்கு வசதி.

புகையிலையின் ஈரம்தான் முதல் சங்கதி. பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் உடனே புகைக்கிற பதத்தில் இருக்காது, ஈரம் தூக்கலாகத்தான் அடைத்திருப்பார்கள். வாசனை சேர்த்த கலவைகளில் பல சமயம் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்திருக்கும். அது காற்றில் லேசில் காயாது, எவ்வளவு உலர்த்தினாலும் விரலில் பிசுபிசுப்பு மிஞ்சும். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம். பொடியாக நொறுங்கினால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது. இழை இழையாக மெல்லப் பிரிந்து எழும்பினால் அதுதான் பதம். ராகிப் புட்டுக்கு மாவு பிசிறும்போது பார்ப்பதற்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளலாம்: அங்கே பிடித்தால் நிற்க வேண்டும், இங்கே பிடித்தால் நிற்கக் கூடாது.

இதற்கு மணிக்கணக்கு சொல்லும் எந்தக் குறிப்பையும் நம்ம ஊரில் அப்படியே நம்பக் கூடாது. பங்குனி, சித்திரையில் தருமபுரி, அரூர் பக்கம் வீசும் காய்ந்த காற்றில் மெல்லிய வெட்டுப் புகையிலை பத்து நிமிடத்திலேயே பதம் தாண்டிவிடும். ஐப்பசி அடைமழையில் அதே புகையிலை ஒரு மணி நேரம் கிடந்தாலும் அசையாது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் மேட்டில், மார்கழிக் காலையில் இன்னும் மோசம். வெள்ளைத்தாளில் பரப்பி நிழலில் வைக்க வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை வாசம் ஏறும். வெயிலும் வேண்டாம், மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். மழைநாளில் அடுப்பை அணைத்து, கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய தோசைக்கல்மேல் தாளை வைத்தால் கால் மணியில் வேலை முடியும். மிச்சத்தை ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுங்கள். ஊறுகாய் பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் மூடியில் வாசம் இருக்கும். ஆவக்காய் மணக்கும் வர்ஜீனியாப் புகையிலை யாருக்கும் வேண்டாம். காய்ந்துவிட்டதே என்று ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடுவது பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. கிண்ணத்தில் புகையிலையைப் போட்டு, பிழிந்த ஈரத்துணியை அதில் படாமல் மேலே மூடி, அவ்வப்போது கிளறிவிட்டால் போதும்.

அடைப்பதற்கு ஒரு பழைய ஐரோப்பிய வாய்பாடு உண்டு: முதல் பங்கு குழந்தைக் கையால், இரண்டாவது பெண் கையால், மூன்றாவது ஆண் கையால். அம்மி அரைத்த கையைப் பார்த்தவர்கள் சொன்னது இல்லை அது. கருத்து மட்டும் சரி: அடியில் தளர்வு, மேலே போகப்போகக் கொஞ்சம் அழுத்தம். குழியின் விளிம்புவரை புகையிலையைத் தூவி, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, பாதிக்கு இறங்கும்படி லேசாக அமுக்குங்கள். மறுபடி விளிம்புவரை தூவி முக்காலுக்கு இறக்குங்கள். கடைசிப் பங்கு விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். நெருப்பு வைக்கும் முன் ஒரு தடவை வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டும். குழாய் போட்டு இளநீர் குடிக்கிற அளவு தடை இருந்தால் சரி. அதே குழாயில் ஜிகர்தண்டா இழுக்கிற மாதிரி இருந்தால் இறுகிவிட்டது. கம்பியால் குத்திக்குத்திச் சரிசெய்யப் பார்க்காமல் மொத்தத்தையும் கொட்டி மறுபடி அடைப்பதே மேல். குத்திய ஓட்டை பாதியில் மூடிக்கொள்ளும், அப்போது சூட்டோடு கொட்ட வேண்டிவரும்.

நெருப்பு இரண்டு தடவை வைக்க வேண்டும். முதல் தடவை குச்சியை வட்டமாகச் சுற்றி, மேல்பரப்பு முழுக்கப் படும்படி நாலைந்து சிறு இழுப்பு. அப்போது மேலே உள்ள இழைகள் கருகிக்கொண்டே புழுவாக நெளிந்து விளிம்புக்கு மேல் எழும். அதைப் பார்த்துப் பயந்து நசுக்க வேண்டாம்; அணையவிட்டு, டாம்பர் என்ற அமுக்குக் கட்டையால் சமன் செய்துவிட்டு, இரண்டாவது தடவை பற்றவைத்தால் நெருப்பு ஒரே மட்டத்தில் பிடிக்கும். டாம்பர் இல்லாவிட்டால் தலை தட்டையான நாலங்குல ஆணி போதும். அழுத்தம் எவ்வளவு என்றால், அந்த ஆணியின் எடையே போதும், கை எடை தேவையில்லை. பெட்டிக்கடையில் கிடைக்கும் மெழுகுக் குச்சி வேண்டாம், உருகிய மெழுகு வாசம் இழுப்பில் வரும். மரக்குச்சி வாங்கி, தலைமருந்து எரிந்து தீரும்வரை இரண்டு வினாடி பொறுத்துப் பிறகு வையுங்கள். சீறிக்கொண்டு எரியும் ஜெட் லைட்டர் புகையிலையைவிட விளிம்பைத்தான் முதலில் கருக்கும்.

இனி வேகம். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்க்கிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது புரிந்துவிடும். சாம்பல் மூடியிருக்கும்வரை கங்கு அடக்கமாக இருக்கும். விசிறினால் சிவக்கும், சிவந்தால் சீக்கிரம் தீரும். பைப்பில் சாம்பல்தான் மூடி, உங்கள் இழுப்புதான் விசிறி. சாம்பலை அடிக்கடி தட்டிக் கொட்டினால் கங்கு திறந்து சூடேறும். கொஞ்சம் மேலே இருக்கட்டும்.

இழுப்பு நெஞ்சிலிருந்து வரக் கூடாது, கன்னத்திலிருந்து வர வேண்டும். டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வந்த டீயை நுனி உதட்டில் உறிஞ்சுகிற அளவுதான் ஒரு இழுப்பு. வாயில் புகை மெல்லிய இழையாகத் தெரிந்தால் போதும், மேகமாக வந்தால் வேகம் கூடிவிட்டது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே 20, 30 வினாடி விடலாம். ஆனால் வினாடி எண்ணிக்கொண்டு உட்காருவது பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடும். அதைவிடக் கையை நம்பலாம். பைப்பின் கிண்ணத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதே போக்கில் போகலாம். பத்து வினாடி பிடிக்க முடியாமல் விரல் விலகினால், மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அதைத் தொடாதீர்கள். அணைந்தால் அணையட்டும். ஒரு தடவை அடைத்தது முடிவதற்குள் மூன்று நாலு தடவை மறுபடி பற்றவைப்பது பழக்கப்பட்டவர்களுக்கே சாதாரணம். மறுபடி பற்றவைக்கும் முன் மேலே தளர்ந்து கிடக்கும் சாம்பலை மட்டும் உதறி, மீதியை லேசாக அமுக்கினால் ஒரே குச்சியில் பிடிக்கும்.

அணையாமல் காப்பாற்ற இன்னொரு வழி, இழுப்புகளுக்கு நடுவே, வாயில் வைக்கும் குழலுக்குள் மெல்ல ஒரு மூச்சு திருப்பி விடுவது. ஊதுவது இல்லை, மூச்சு விடுவது. ஊதினால் பொறி பறந்து வேட்டியில் ஓட்டை விழும்.

சிகரெட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது எல்லாவற்றையும்விடக் கடினம். அஞ்சு நிமிடத்தில் தீர்கிற பொருளுக்குப் பழகிய வாய், முக்கால் மணி ஓடுகிற பொருளையும் அதே கதியில் இழுக்கும். பல்லில் கவ்விக்கொண்டே வேலை செய்தாலும் வேகம் தானாக ஏறும், மூச்சு விடும்போதெல்லாம் குழல் வாயில் இருக்கிறதே! கையில் வைத்துக்கொள்வது நல்லது. போன் பேசிக்கொண்டே புகைப்பது இதற்குச் சேராது. ஒரு கோபமான அழைப்பு, பைப் அடுப்பாகிவிடும். மெதுவாகப் புகைக்கும் சர்வதேசப் போட்டிகளில் 3 கிராம் புகையிலையும் இரண்டு தீக்குச்சியும் கொடுத்து, யார் கங்கு கடைசியாக அணைகிறது என்று பார்ப்பார்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்களும் உண்டு. அது வித்தை, வீட்டில் செய்து பார்த்தால் ருசி ஒன்றும் மிஞ்சாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் பைப்புக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். கிருஷ்ணகிரி அணை ஓரமோ மொட்டை மாடியோ, நீங்கள் இழுக்காவிட்டாலும் காற்று இழுக்கும். கங்கு ஒரு பக்கமாகச் சரிந்து எரிந்து, அந்தப் பக்கத்துப் பிரையர் கருகும். வெளியே கிண்ணத்தின் வண்ணத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு திட்டு தெரிய ஆரம்பித்தால் உள்சுவர் எரிகிறது என்று அர்த்தம். காற்றுக்கு முதுகு காட்டி உட்காரலாம், ஓட்டை போட்ட தகர மூடியும் போடலாம். ஆனி, ஆடியில் வீட்டுக்குள் வந்துவிடுவது இரண்டையும்விடச் சிறந்தது.

மார்கழியில் தொல்லை வேறு. குளிர்ந்த தண்டில் ஆவி படிந்து தண்ணீராகி, இழுக்கும்போது ஹூக்கா மாதிரிக் களகளக்கும். உடனே பைப் க்ளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, குழல் வழியே குழியின் அடி தொடும்வரை செலுத்தி, ஐந்து வினாடி வைத்து எடுத்தால் தீர்ந்தது. தென்னை ஈர்க்கு இதற்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சாது, உள்ளே முறிந்தால் பைப்பே போச்சு. சூடாக இருக்கும்போது குழலைத் திருகிக் கழற்றுவதும் ஆகாது. விரிந்திருக்கும் மரத்தில், தண்டுக்குள் செருகியிருக்கும் குழலின் முளை முறியும், இல்லையென்றால் தண்டு விரியும். ஒன்பது மில்லிமீட்டர் வடிகட்டி போட்டால் களகளப்பு குறையும். ஆனால் ஈர வடிகட்டியை மாற்றாமல் வைத்திருப்பதைவிட அதைப் போடாமலே இருக்கலாம்.

நாக்கு எரிச்சலுக்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. சர்க்கரை அதிகமுள்ள வர்ஜீனியா வகை வேகமாக இழுத்தால் கடிக்கும். பர்லி வகையின் புகை காரத்தன்மையுள்ளது. அது வேறு மாதிரி உறுத்தும். எரிந்த நாக்கோடு மறுநாளும் புகைப்பது புண்மேல் மிளகாய். இரண்டு மூன்று நாள் விட்டு, மோர் குடித்துவிட்டு, வகையை மாற்றிப் பாருங்கள். காலி வயிற்றில் தொட வேண்டாம், நிக்கோட்டின் தலையைச் சுற்றவைக்கும். புகையை நெஞ்சுக்குள் இறக்காததால் ஆபத்து இல்லை என்று நினைக்கவும் கூடாது. வாயின் உள்தோல் வழியாகவே நிக்கோட்டின் ரத்தத்தில் ஏறும். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம்தான். இதுவரை பழகாதவர் இதைப் படித்துப் பழக வேண்டியதில்லை.

நாள்பட்ட புழக்கத்தில் முதலில் தேய்வது சோளச் சக்கை பைப்பின் பிளாஸ்டிக் வாய்முனை. பல்தடம் ஆழமாகி ஓட்டையாகும். பிரையரில் கறுப்பு வல்கனைட் (கெட்டி ரப்பர்) குழலை ஜன்னல் வெயிலில் விட்டால் பச்சையும் மஞ்சளுமாக வெளிறி, கந்தக ருசி வரும். ஹார்டுவேர் கடையில் 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் வாங்கி, தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போய்விடும். கோடையில் குழல் தளர்ந்தால் முளையில் ஒரு துளி தேன்மெழுகு, மழைக்காலத்தில் இறுகினால் பென்சில் முனையால் நாலு கோடு. குழியின் உள்சுவரில் படியும் கரி ஒரு மில்லிமீட்டர் அளவு இருப்பது பிரையருக்குக் கவசம். ஒன்றரையைத் தாண்டினால் சூட்டில் விரிந்து மரத்தைப் பிளக்கும், சுரண்டிவிட வேண்டும். பத்துத் தடவைக்கு ஒருமுறை க்ளீனரில் ரம் தொட்டுக் குழலைத் துடைக்கலாம். டாஸ்மாக் ரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர், அதனால் இரண்டு மூன்று க்ளீனர் செலவாகும். சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. ஒரு தடவை புகைத்த பிரையர் அடுத்த நாள்வரை காய வேண்டும். தினமும் வேண்டும் என்கிறவருக்கு இரண்டு பைப் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை. பஸ் ஸ்டாண்டிலோ ஓட்டலிலோ எடுத்தால் 200 ரூபாய்வரை அபராதம், பைப்புக்கு விலக்கு இல்லை.

கொட்டுவதில் பலருக்குக் கவனம் இருப்பதில்லை. மேலே வெறும் சாம்பலாகத் தெரிந்தாலும் அடியில் எரியாத புகையிலைக்குள் கங்கு பத்து நிமிடம்வரை உயிரோடு இருக்கும். மாசி, பங்குனியில் தொப்பூர்க் கணவாயிலோ அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்திலோ சருகுமேல் தட்டிக் கொட்டக் கூடாது. செருப்புக் குதிகாலில் அடித்துக் கொட்டினால் தண்டு விரியும் என்பது வேறு. கட்டைவிரலால் கிண்ணத்தின் வாயை மூடி ஆறவிட்டு, ஒரு டப்பாவில் கொட்டி, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடுங்கள்.