இஸ்ஃபிட்டா, இஸ்வியா, ஐ.சி.பி.எஸ்ஸா: புது நண்பர்களோடு ஊர் சுற்ற எது தோது?

வெளிநாட்டு மாணவர் மாநாட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கிற தம்பி தங்கைகள் முதலில் விசாரிப்பது சான்றிதழைப் பற்றித்தான். அதற்கு மதிப்பு உண்டா, ரெஸ்யூமேயில் போடலாமா, ஸ்காலர்ஷிப்புக்கு உதவுமா? நியாயமான கேள்விகள்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: ராத்திரி உங்களை எங்கே தங்க வைக்கிறார்கள்? ஹோட்டலிலா, விடுதியிலா, யாராவது வீட்டிலா? அங்கே யாரோடு பழகுவீர்கள், ஓய்வு கிடைத்த மத்தியானம் எங்கே போவீர்கள், ஊர் திரும்பி ஆறு மாதம் கழித்தும் யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள் என்பதில் பாதியை அந்த ஒரு ஏற்பாடே தீர்மானித்துவிடுகிறது.

அந்தக் கண்ணோடு மூன்று மாநாடுகளைப் பார்ப்போம். நார்வேயின் ட்ரான்ஹைமில் நடக்கும் இஸ்ஃபிட், ஜெர்மனியின் இல்மெனவில் நடக்கும் இஸ்வி, வருஷம் ஒரு ஊராக மாறும் இயற்பியல் மாணவர்களின் ஐ.சி.பி.எஸ். மூன்றையும் நடத்துவது மாணவர்களே. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

யாருக்கு, எப்போது

இஸ்ஃபிட் 1990-ல் தொடங்கியது, இஸ்வி 1993-ல். இப்போது இரண்டும் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் நடக்கின்றன. எந்தத் துறையில் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு பொதுத் தலைப்பு இருக்கும், அதற்குக் கீழே குழுக் குழுவாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். இஸ்ஃபிட் பிப்ரவரி வாக்கில், உறைபனியில். இஸ்வி மே, ஜூன் வாக்கில், மரமெல்லாம் துளிர்த்த பிறகு.

இஸ்ஃபிட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1999 முதல் மாணவர் அமைதிப் பரிசு இந்த விழாவை ஒட்டித்தான் வழங்கப்படுகிறது. முதல் பரிசு கிழக்குத் திமோரின் மாணவர் இயக்கத்துக்குப் போனது, அந்த நாடு விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த சமயத்தில். அரசியல், மனித உரிமை இதிலெல்லாம் நாட்டம் உள்ளவர்களுக்கு இதுவே போதுமான காரணம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் சில நூறு இடங்கள். கட்டுரை நன்றாக எழுதத் தெரிய வேண்டும்.

ஐ.சி.பி.எஸ். 1986-ல் புடாபெஸ்டில் தொடங்கி வருடா வருடம், பெரும்பாலும் ஆகஸ்டில், நடக்கிறது. 2017-ல் டூரின், 2018-ல் ஹெல்சின்கி, 2019-ல் கொலோன், 2024-ல் ஜார்ஜியா நாட்டின் திபிலிசி. இயற்பியல் படிப்பவர்களுக்கானது. இளநிலை மாணவர்கூட தன் புராஜெக்ட்டைப் பற்றி மேடையேறிப் பேசலாம், அல்லது போஸ்டர் ஒட்டி நிற்கலாம். வழிகாட்டிப் பேராசிரியரின் நிழலில் இல்லாமல் சொந்தமாகப் பேசிப் பழக இதைவிடச் சாதுவான மேடை கிடைக்காது. கேட்பவர்களும் உங்களைப் போல உதறலோடு தன் முறைக்குக் காத்திருப்பவர்கள்தானே.

தலை சாய்க்கும் இடம்

ட்ரான்ஹைமில் உங்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம், பணி ஓய்வு பெற்ற தம்பதி, நாலைந்து மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு, எது வேண்டுமானாலும் வாய்க்கலாம். நார்வேயை உள்ளிருந்து பார்க்க இதுதான் வழி. சாயங்காலம் நாலரை, ஐந்துக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் பல வீடுகளில் டாக்கோ என்ற மெக்சிகோ பாணி உணவுதான், ஏதோ விரதம் மாதிரி தவறாமல் செய்வார்கள். காலையில் மதிய உணவைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்: வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு, அதன் மேல் பழுப்பு நிறத்தில் லேசாகத் தித்திக்கும் பாலாடைக்கட்டி. ஒரு துண்டு இன்னொன்றோடு ஒட்டாமல் இருக்க இடையில் வைப்பதற்கென்றே வெட்டிய காகிதம் கடையில் விற்கிறது. இதை டப்பாவில் அடுக்கக் கற்றுக்கொண்டாலே அந்த வீட்டுப் பிள்ளைகள் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஊரின் ஒரு கோடியில், உங்கள் பயிலரங்கில் இருக்கும் கென்யாக்காரர் மறு கோடியில். நிகழ்ச்சி முடிந்து ராத்திரி பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டார் தூங்கியிருப்பார்கள். ஆகவே நட்பு, எல்லோரும் கூடும் மாணவர் சங்கத்தின் வட்டமான சிவப்புக் கட்டடத்துக்குள் இருக்கும் நேரத்திலும், வார இறுதியிலும்தான் வளர வேண்டும்.

இல்மெனவ் இதற்கு நேர் எதிர். நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர், அதில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பங்கேற்பவர்களைப் பெரும்பாலும் அங்கே படிக்கும் மாணவர்களே தங்கள் அறையில் தங்க வைத்துக்கொள்கிறார்கள். பெரிய வசதியை எதிர்பார்க்காதீர்கள், தரையில் மெத்தை போட்டும் படுக்க நேரலாம். ஆனால் யாரைப் பார்க்க வேண்டுமென்றாலும் நடந்து போய்விடலாம். பொதுச் சமையலறையில் ஒருவர் சோறு வடிக்க, ஒருவர் பாஸ்தா வேகவைக்க, மூன்றாமவர் தட்டோடு வந்து நிற்பார். மாணவர் விடுதிகளின் அடித்தளத்தில் மாணவர்களே நடத்தும் கிளப்புகள் இருக்கின்றன; கூட்டம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். குடிக்கும் பழக்கம் இல்லை என்றால் சொல்லிவிடலாம், இரண்டாவது தடவை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். விடுதி வாழ்க்கை பழகிய நம் ஊர் மாணவர்களுக்கு ஒரே நாளில் ஒட்டிவிடும்.

ஐ.சி.பி.எஸ்.ஸில் தங்குமிடம் அந்தந்த ஊரைப் பொறுத்தது. மாணவர் விடுதியோ பயணிகள் தங்கும் ஹாஸ்டலோ, எல்லோரையும் சேர்த்துத் தங்க வைப்பது வழக்கம். நாடுகளின் மாலைப்பொழுது என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் ஊர்த் தின்பண்டத்தை மேசையில் பரப்பி வைப்பார்கள். முறுக்கும் மிக்சரும் கொண்டுபோனால் உங்கள் மேசையில் கூட்டம் நிற்கும்.

ஊர் சுற்றல்

எல்லா மாநாட்டிலும் ஏற்பாட்டாளர்களே ஒரு சுற்றுலாவைப் போட்டிருப்பார்கள். அதற்குப் போங்கள், தவறில்லை. ஆனால் அங்கே கூட்டமாக நகர்ந்து, கூட்டமாகப் படம் எடுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடி வருவதுதான் நடக்கும். நாலைந்து பேராகத் தனியே கிளம்பும் நாள்தான் ருசி. அந்த நாளுக்கு எந்த ஊர் இடம் கொடுக்கிறது என்பதே என் கணக்கு.

ட்ரான்ஹைம் 997-ல் உருவான பழைய ஊர். நடந்தே பார்த்துவிடலாம். 1070 வாக்கில் கட்டத் தொடங்கிய நிடரோஸ் பேராலயம், அங்கிருந்து சிவப்பு வளைவுள்ள பழைய பாலம், பாலத்தைத் தாண்டினால் பாக்லாண்டெட்டின் மர வீடுகள், ஆற்றங்கரையில் தூண்களின் மேல் நிற்கும் பழைய கிடங்குகள். ஒரு மத்தியானம் போதும். அப்புறம் ட்ராம். உலகிலேயே மிக வடக்கே ஓடும் ட்ராம் இதுதான். நகரத் தெருவில் ஏறினால் அரை மணிக்குள் லியான் என்ற கடைசி நிறுத்தத்தில், காட்டின் ஓரத்தில் இறக்கிவிடும். பிப்ரவரியில் அதில் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி பனிச்சறுக்குக் கட்டைகளை முழங்காலுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சறுக்குத் தட்டு ஒன்றை வீட்டாரிடம் இரவல் வாங்கிக்கொண்டு நண்பர்களோடு லியானில் இறங்குங்கள். பனியையே பார்க்காத நாலு நாட்டுக்காரர்கள் ஒரே மேட்டில் உருண்டு விழுந்த பிறகு, அறிமுகப் படலம் தனியாகத் தேவைப்படாது.

பகல் பிப்ரவரி நடுவில் சுமார் எட்டரை மணி நேரம்தான், மாத இறுதியில் பத்து மணி நேரத்தை எட்டும். அதிலும் பெரும்பகுதி அரங்குக்குள் போய்விடும். நடைபாதை பனிக்கட்டியாக இறுகியிருக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் கூர்முள் பட்டைகளை முதல் நாளே கடையில் வாங்கிவிடுங்கள், ஊர்ப் பெரியவர்களே அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். ட்ரான்ஹைமை விட்டு வெளியே போவதும் சுலபம் இல்லை. ஆஸ்லோவுக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், டோவ்ரே மலைப் பகுதி வழியாக. போகிற வழி கண்கொள்ளாக் காட்சிதான், ஒரே நாளில் போய்வர முடியாது என்பதுதான் சிக்கல்.

இங்கேதான் இல்மெனவ் முந்துகிறது. இல்மெனவிலேயே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, சந்தைச் சதுக்கத்தில் ஜெர்மன் கவிஞர் கதே வெண்கலச் சிலையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரை ஒட்டியே 861 மீட்டர் உயரமுள்ள கிக்கெல்ஹான் மலை. 1780 செப்டம்பரில் கதே அதன் உச்சியில் ஒரு வேட்டைக் குடிலில் தங்கி, மரச்சுவரில் எட்டு வரிக் கவிதை ஒன்றை எழுதி வைத்தார். 1831-ல், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், திரும்ப ஏறிவந்து அதே வரிகளைப் படித்துக் கண் கலங்கினார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்தக் குடில் 1870-ல் எரிந்தது. இப்போது இருப்பது மறுபடி கட்டியது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஏறி இறங்கிவிடலாம்.

அடுத்தது ரயில். இல்மெனவ் இருக்கும் தூரிங்கியா மாநிலத்துக்கு தூரிங்கியா டிக்கெட் என்று நாள் டிக்கெட் ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல், சனி ஞாயிறில் விடியற்காலத்திலிருந்தே. பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுத வேண்டும். ஆக, முதல் நாள் ராத்திரியே அந்த ஐந்து பேர் யார் என்று முடிவாகிவிடும். கோஷ்டி சேர்வதற்கு ஜெர்மன் ரயில்வே செய்து வைத்திருக்கும் உபகாரம் இது.

ஒரு மணி நேரத்தில் எர்ஃபர்ட். அங்கே ஆற்றுப் பாலத்தின் மேல் இரு வரிசையாக வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. கடைத்தெரு என்று நினைத்து நடந்து முடித்த பிறகுதான் ஆற்றைத் தாண்டிவிட்டது தெரியும். இன்னும் கால் மணி நேரம் ரயிலில் போனால் வைமார். கதேயும் இன்னொரு கவிஞரான ஷில்லரும் வாழ்ந்த அழகான ஊர். அங்கிருந்து பஸ் ஏறினால், அதே ஊரின் மலை மேல் நாஜிகளின் புகென்வால்டு வதைமுகாம். 1937 முதல் 1945 வரை நடந்த அந்த முகாமில் 56,000 பேர் மாண்டார்கள். வாயிற்கதவின் இரும்பு எழுத்துகளை உள்ளே அடைபட்டவர்கள் படிக்கும்படி உட்பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள். 'அவரவர்க்கு உரியது' என்று. பல நாட்டு நண்பர்களோடு அங்கே போனால் திரும்பும் பஸ்ஸில் யாரும் அதிகம் பேச மாட்டீர்கள். ஆனால் அன்று ராத்திரி சமையலறையில் பேச்சு வேறு தினுசாக இருக்கும், அவரவர் நாட்டுக் கதைகள் வெளியே வரும். மாநாட்டின் எந்த விவாத அரங்கிலும் அது நடக்காது.

ஊர் மாறுவதால் ஐ.சி.பி.எஸ்.ஸை இப்படி ஒப்பிட முடியாது. திபிலிசி மாதிரி ஊர் வாய்த்தால் அதிர்ஷ்டம்: கந்தக வெந்நீர்க் குளியல் அறைகள், கோட்டைக்குப் போகும் கேபிள் கார், பக்கத்திலேயே பழைய தலைநகரான ம்ட்ஸ்கேட்டா.

சாப்பாடும் செலவும்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜார்ஜியா சொர்க்கம். மசித்த பீன்ஸ், வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி ரொட்டி. தூரிங்கியாவில் திரும்பின பக்கமெல்லாம் கரி அடுப்பில் சுட்ட தொத்திறைச்சி. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு உருண்டை இருக்கிறது, மேலே ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நார்வேயில் வெளியே சாப்பிட்டால் பர்ஸ் காலி, வீட்டில் தங்குவதால்தான் தப்பிக்கிறோம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பூட்டியிருக்கும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

மாணவர்களே நடத்தும் இந்த மூன்றுக்கும் எதிரே, மாணவர்கள் நடத்தாத நான்காவது ரகம் ஒன்று இன்பாக்ஸில் வந்து நிற்கும். நாலு நாள், நட்சத்திர ஹோட்டல், "உலகளாவிய இளைஞர் தலைவராக நீங்கள் தேர்வு பெற்றுள்ளீர்கள்", கட்டணத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் கட்டவும். விண்ணப்பமே போடாதவருக்கும் தேர்வுக் கடிதம் வரும். இவற்றில் சில முழு மோசடி. மோசடி இல்லாதவையும் சுற்றுலாப் பேக்கேஜ்தான். ஹோட்டல் அறையில் நம் ஊர்க்காரர் ஒருவரோடே தங்கி, நம் ஊர்க்காரர்களோடே படம் எடுத்துத் திரும்ப வேண்டியதுதான். கேட்கும் தொகையைப் பார்த்தால் அந்தக் காசில் சொந்தமாகவே போய்வரலாம்.

என்னைக் கேட்டால், நண்பர்களோடு சுற்றுவதுதான் ஆசை என்றால் இஸ்வி, கண்ணை மூடிக்கொண்டு. ஒரு நாட்டை வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டுமென்றால் இஸ்ஃபிட். இயற்பியல் படிக்கிறவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணத்தில் இருந்தால் யோசிக்காமல் ஐ.சி.பி.எஸ்; அங்கே பக்கத்தில் படுத்தவர் நாளை உங்கள் லேபில் இருக்கலாம்.

விசா

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவே செல்லும். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. ஆனால் அதுவரை காத்திருப்பது வம்பு. அழைப்புக் கடிதம் வந்த வாரமே சந்திப்பு நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மாநாடு முடிந்த பிறகு நண்பரின் ஊருக்குப் போய் நாலு நாள் தங்கும் யோசனை எப்படியும் அங்கே முளைக்கும். பெர்லினுக்கோ பிராகாவுக்கோ வா என்று ஒருவர் கூப்பிடுவார். அப்போது விசாவில் தேதி இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் விண்ணப்பத்திலேயே அந்த நாட்களையும் பயணத் திட்டத்தில் சேர்த்து எழுதுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், எனவே சுற்றும் நாட்கள் மாநாட்டு நாட்களைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டையும் திரும்பும் விமானத் தேதி வரைக்கும் எடுத்துவிடுங்கள்.