அம்மாவின் மருந்துச் சரைகள்: பொகவந்தலாவையில் மூன்று வாரம்

அம்மா மருந்து வைப்பது ஒரு பழைய பிஸ்கட் டின்னில். டொராண்டோவிலிருந்து இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் போய் இறங்கிய அன்றிரவே அதைத் திறந்து பார்த்தேன். ஐந்து காகிதச் சரைகள் (பொட்டலங்கள்) இருந்தன. பிரஷருக்கு இரண்டு, சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, வயிற்றெரிவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் நீல மையில் சிங்களத்தில் எழுதியிருந்தது. அதன் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவால் யாரோ படம் வரைந்திருந்தார்கள். ஒன்றில் சூரியன், ஒன்றில் பிறை, இன்னொன்றில் சோற்றுக் கோப்பை.

"யாரும்மா வரஞ்சது?" என்று கேட்டேன்.

"மேட்டு லயத்துப் புள்ளதான். இப்ப எல்லாருக்கும் அதுதான் வரஞ்சு குடுக்குது" என்றார் அம்மா. லயம் என்றால் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்.

விஷயத்தை அப்புறம் மதினி சொன்னார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்வார். ஒரு மாதம் கிளினிக்கில் வேறு கம்பனி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிறம் மாறியது யாருக்கும் தோன்றவில்லை. அம்மா சீனி மாத்திரையை இரண்டு மடங்காக விழுங்கிவிட்டுப் பீலிக்கரையில் மயங்கி விழுந்திருக்கிறார். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் தூக்கி வந்து சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. டொராண்டோவில் இருப்பவளைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டார்களாம்.

2024 ஆகஸ்டில் ஆறு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். உறவுகளைப் பார்க்க, கோயிலுக்குப் போக என்றுதான் கிளம்பினேன். அந்தச் சிவப்புச் சூரியனைப் பார்த்த பிறகு மூன்று வாரமும் எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வைத்தியம் எப்படி வந்து சேருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்தேன்.

அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனது அந்த வாரமே. நாலரைக்கு எழும்பி, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, மழையில் நின்றோம். ஆடி மாத மழை, விடவே இல்லை. லயத்திலிருந்து பஸ் ஓடும் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இறக்கம். ரோடு முழுக்கக் குழியாக இருப்பதால், மேலே ஏறி வர ஆட்டோக்காரர் போக வர 1500 ரூபாய் கேட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, வண்டி உடைந்துவிடும். ஆனால் அப்போது தோட்டத்து நாள் சம்பளம் 1000 ரூபாய். 2021இல் போராடி வாங்கிய 1000. (நான் திரும்பி வந்த அடுத்த மாதம் அது 1350 ஆனது.) வைத்தியம் இலவசம், அது உண்மை. மருந்து, இரத்தப் பரிசோதனை, டாக்டர் எதற்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த இலவசத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் சம்பளம் வேண்டும். கூடப் போகும் ஆளுக்கு அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) இல்லை.

டாக்டர் இளம் பெண், பொறுமையானவர். அம்மாவின் காலை உயர்த்தி, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். அவருக்குத் தமிழ் வராது. ஓர் ஊழியர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அப்படி யாரும் இல்லை. சரைகளைத் தள்ளி, "உதே, ராத்திரி" (காலை, இரவு) என்று சிங்களத்தில் இரண்டு சொல். பின்னால் வரிசை நீளமாக நிற்கும்போது இன்னொரு முறை கேட்க யாருக்கு வாய் வரும்? 1987இலேயே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். அந்த ஜன்னலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் அல்ல, அந்த இடத்தில் ஒரு தமிழ் ஆளைப் போடாமல் இத்தனை வருடம் விட்டவர்கள் மேல்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும் வழியில் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் இருக்கிறது. இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி, 2017 மே மாதம் பிரதமர் மோடி வந்து திறந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவசரம் என்றால் கண்டி வரைக்கும் ஓட வேண்டும் என்ற பயம் எப்போதும் இருக்கும். அதேபோல 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ். அதுவும் 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. அதைக் கண்ணால் பார்க்கும்படி ஆயிற்று. இரண்டாவது வாரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது. ஐந்து பேருக்கு. அதில் ஒரு பெண்ணுக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. தம்பி போன் எடுத்தான். அம்புலன்ஸ் சுணங்காமல் வந்தது, ஆனால் ஃபெக்டரி வரைக்கும்தான் வர முடிந்தது. அதற்கு மேல் ரோடு இல்லை. அவரைப் படங்கில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். பிழைத்துவிட்டார். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு அடிக்கிறது.

சரைகளில் படம் வரைந்த அந்த மேட்டு லயத்து அக்காவைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும். வயது 47. இருபது வருடம் கொழுந்து எடுத்தவர், இன்னும் எடுக்கிறார். சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை படித்தவர், சிங்களம் பேசுவார், கொஞ்சம் வாசிப்பார். சம்பளம் தரும் பதவி எதுவும் அவருக்கு இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸி நடத்தும் தாய்மார் குழுவில் ஒருவர், அவ்வளவுதான். அந்த மிஸ்ஸிக்குக் கீழே பல டிவிஷன்கள் இருப்பதால் மாதத்தில் ஓரிரு நாள்தான் எங்கள் பக்கம் வர முடிகிறது. மற்ற நாளெல்லாம் அக்காதான்.

சனிக்கிழமை மாலை பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) கூட்டம் என்று மதினி கூட்டிப் போனார். முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். கூடையை இறக்கிவிட்டு, கை கால் கழுவி, அப்படியே வந்திருந்தார்கள். அக்கா பேச்சுக்கு நிற்கவில்லை, அவர்களோடு பாயில் உட்கார்ந்தார். "இன்னிக்கி மலையில எத்தன தடவ தண்ணி குடிச்சீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பெண், "குடிச்சா எங்க அக்கா போறது?" என்றார். அதோடு எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது. மலையில் கக்கூஸ் கிடையாது. ஆம்பளைக் கங்காணி நிற்கிறார். அதனால் காலை எட்டு மணிக்குப் பிறகு பல பேர் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் எரிச்சல், இடுப்பு வலி, காய்ச்சல் என்று வருவதற்கு அது ஒரு காரணம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்த மாதம் தோட்டத்துச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரம் அடித்து ஒரு கக்கூஸ் போடும்படி துரையிடம் (தோட்ட மேனேஜரிடம்) கேட்பது என்று முடிவானது.

அடுத்தது சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே யாரும் சொல்லித் தராத விஷயம். சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துச் சாயத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்றார். குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் யார் கேட்பார்கள்? அந்தக் குளிரில் சூடாக அது ஒன்றுதானே இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை எல்லாரும் பங்குபோட்டுச் சாப்பிட்டுவிடுகிறார்கள். அக்கா அதைத் திட்டவில்லை. பசிக்கிற பெரிய பிள்ளைக்கும் ஒரு உருண்டை போகத்தான் செய்யும், ஆனால் முதல் உருண்டை யாருக்கு என்று மட்டும் கேட்டார். 2016இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தக் காம்பராவின் சுவரில் உயரம் அளக்கும் கோடு இருக்கிறது. என் தம்பி மகள் அதன் பக்கத்தில் போய் நின்றபோது எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வந்தது.

முக்கியமானது கடைசியாக வந்தது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை இலவசம். சுவநாரி கிளினிக் என்று 1996இலிருந்து நாட்டில் நடக்கிறது. எங்கள் தோட்டத்தில் அதற்குப் போனவர்கள் மிகக் குறைவு. வெட்கம், பயம், வீட்டுக்காரரின் பேச்சு, அதோடு அன்றைய பேர் போய்விடும். அக்கா முதலில் தானே போய்ச் செய்துகொண்டு வந்தாராம். என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம், வலித்ததா என்று ஒளிக்காமல் சொல்கிறார். அப்புறம் வெளிக்கள உத்தியோகத்தரிடம் பேசி, பரிசோதனைக்குப் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் மலைக்குத் திரும்பினால் அரைப்பேர் போடச் சம்மதிக்க வைத்தார். அப்படி நாலைந்து பேராக அனுப்புகிறார்.

இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று எல்லாரும் பேசிய நேரம், டொராண்டோவில் நாங்கள் சிலர் காசு சேர்த்து எங்கள் தோட்டத்தில் ஒரு வைத்திய முகாம் நடத்தினோம். பேனர் கட்டி, கொழும்பிலிருந்து டாக்டர்களைக் கூட்டி வந்து, ஒரே நாளில் பல பேருக்குப் பிரஷரும் சீனியும் பார்த்தார்கள். படங்கள் வந்தன, சந்தோஷப்பட்டோம். இப்போது கேட்டால், சீனி கூட என்று எழுதிய துண்டு கையில் கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல் எங்கும் போகவில்லை. எங்கே போவது, எந்த நாள், ஆட்டோவுக்குக் காசு யார் தருவது என்று அன்று யாரும் சொல்லவில்லை. அந்தத் துண்டுகளை இன்றைக்கும் தேடித் தேடி வாங்கி, ஆட்களைக் கிளினிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பது அக்காதான். முகாமுக்குப் போன காசில் எத்தனை மாத ஆட்டோ ஓடியிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். இனி முகாம் வேண்டாம்.

பெரியம்மா குடும்பம், மலையகத்தவரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய், நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். அங்கிருக்கும் பெரியம்மா மகளிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் பக்கம் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழ்நாடு அரசு நடத்துகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கையில் தருகிறார்கள். "எங்க லைனுக்கு வர்ற பொண்ணு எங்க ஊருதான், நம்ம பேச்சுதான்" என்றாள். இந்தியாவில் ஆஷா பணியாளர்கள் என்று 2005இலிருந்து கிராமத்துப் பெண்களையே இந்த வேலைக்கு எடுத்து, கொஞ்சமாவது காசும் கொடுக்கிறார்கள். அந்தக் காசு போதாது என்று அவர்களும் போராடுகிறார்கள்தான். ஆனால் எங்கள் மேட்டு லயத்து அக்காவுக்கு அதுகூட இல்லை. அவர் செய்வதெல்லாம் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு.

கிளம்பும் முன் அவரிடம், என்ன அனுப்பட்டும் என்று கேட்டேன். பிரஷர் மெஷின் கேட்பார் என்று நினைத்தேன். "பிரிஸ்டல் போர்ட் அஞ்சாறு, தடிச்ச பேனா. ஆட்டோவுக்கு மாசம் ஒரு தொக. அது போதும் தங்கச்சி" என்றார். கடைசி இரவு எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து கிளினிக் நாட்களையெல்லாம் பெரிய தமிழ் எழுத்தில் எழுதினோம். தம்பி மகள் சூரியனும் பிறையும் வரைந்தாள்.

செப்டம்பர் நடுவில் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. நாலு பேர் பரிசோதனைக்குப் போனார்கள், மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை, ஒருவருக்கு மட்டும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு வந்திருக்கிறது. "கையெழுத்து ஒண்ணும் வெளங்கல. படம் அனுப்பியிருக்கேன், யாரையாவது வாசிக்கச் சொல்லு தங்கச்சி." என்னோடு வேலை செய்யும் ஒருவர் குருநாகலைக்காரர், சிங்களம் வாசிப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை அவரிடம் நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, வாசித்து, எனக்கு மெதுவாகச் சொன்னார். அடுத்த வியாழன், காலை எட்டு மணி, பழைய அட்டையையும் கொண்டு வர வேண்டும், பயப்படும்படி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் தவறவிடக் கூடாது. அங்கே இரவு பத்தரை இருக்கும். அக்கா தூங்கியிருக்கவில்லை.