ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்

என் மகளுக்கு 19 வயது. ஒரு வருடமாக வலது மூக்கில் மட்டும் சளி. அதுவும் அழுகல் நாற்றத்தோடு. தினமும் தலையணை உறையை மாற்றுவேன். கல்லூரியில் யார் பக்கத்திலும் உட்கார மாட்டாள்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் சைனஸ் என்று சொல்லி மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எண்டோஸ்கோப்பி மூலம் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும் என்றார்கள். 90,000 ரூபாய் கட்டினோம். ஸ்கேன் அறிக்கையைக் கேட்டதற்கு, "அது உங்களுக்குப் புரியாதும்மா" என்றார் மருத்துவர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆறே வாரத்தில் அதே நாற்றம். தூசி அலர்ஜி என்று ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார்கள்.

எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அப்படிக் கேட்டும், ஸ்கேன் அறிக்கை எங்களுக்குப் பதினோராம் நாள்தான் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: வலது மேல்தாடை சைனஸுக்குள் (கன்ன எலும்புக்குள், மூக்கோடு இணைந்திருக்கும் காற்றறை) இடம் மாறி வளர்ந்த பல், அதைச் சுற்றி நீர்க்கட்டி. தேதி, அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் முந்தையது! பல்லை உள்ளேயே விட்டுவிட்டுச் சீழை மட்டும் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டை மருத்துவரும் முகத்தாடை அறுவை மருத்துவரும் அதே ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கண்குழிக்குக் கீழே, தலைகீழாக, வெள்ளை வெளேரென்று ஒரு கடைவாய்ப்பல். எனக்கு நன்றாகவே புரிந்தது.

சைனஸின் வாசலையொட்டி இருந்ததால், அந்த வாசலை அகலப்படுத்தி மூக்கு வழியாகவே பல்லை எடுத்தார்கள். முன்புறமோ அடியிலோ புதைந்திருந்தால் ஈறுக்கு மேலே கீறி எலும்பைத் திறக்க வேண்டியிருக்குமாம். அதில் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகும் ஆபத்து கூடுதல் என்றார்கள். கட்டியின் உறையையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதல் இடத்தில் இதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குச் சொல்லவில்லை.

அரிதான நோய்தான். ஆனால் நியூயார்க்கில் 38 வயது ஆணின் மூக்கிலிருந்து 14 மி.மீ. நீளப் பல்லை எடுத்த செய்தி 2022இல் மருத்துவ இதழிலேயே வந்தது. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி நீடித்தால் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். முழு அறிக்கையும் கைக்கு வராமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பல்லைச் சிறு புட்டியில் வைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.