ஷவர் பம்ப்: கிணற்றுத் தண்ணீருக்கு இன்லைனா, பிரஷர் டேங்கா?

காட்பாடியில் எங்கள் வீட்டில் குடிக்க மட்டும்தான் காவிரித் தண்ணீர், குளிக்கத் துவைக்க எல்லாம் கிணறுதான். பக்கெட் காய்ந்தால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மாடி பாத்ரூம் ஷவருக்கும் மேல்தொட்டிக்கும் ஆறடிதான் உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று கணக்குப் போட்டால் 0.2 பார்கூட வராது. அதனால் பம்ப் இல்லாமல் முடியாது.

முதலில் வைத்தது இன்லைன் பம்ப், அதாவது ஷவருக்குப் போகும் பைப்பின் நடுவிலேயே மாட்டுவது. சின்னது, சத்தம் குறைவு, விலையும் குறைவு, அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை நின்றது. ஷவரைத் திறந்தும் சத்தமே வராவிட்டால் ஃப்ளோ சுவிட்சைப் பாருங்கள். தண்ணீர் ஓடும்போது உள்ளே ஒரு சின்ன காந்தம் மேலே எழும்பினால்தான் மோட்டார் ஓடும். நான் கழற்றிப் பார்த்தபோது அந்தக் காந்தத்தில் கறுப்பாக இரும்புத் தூள் அப்பியிருந்தது, சுற்றிலும் சுண்ணாம்பு மாதிரி உப்பு. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்ததும் வேலை செய்தது. உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் ரோட்டார் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) இறுகியிருக்கும், இல்லாவிட்டால் கண்டென்சர் போயிருக்கும். கரன்ட்டை நிறுத்திவிட்டு, முன்பக்கத் திருகைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால் ஷாஃப்டைத் திருப்பிப் பாருங்கள். இந்த வகையில் ரோட்டாரே தண்ணீருக்குள்தான் சுற்றுகிறது, அதனால்தான் உப்புத் தண்ணீர் இதை இந்தப் பாடு படுத்துகிறது. மூன்றாவது தடவை கடையில் "இதைப் பிரிக்க முடியாது சார், முழுசா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் சாதாரண மோட்டாரும் தனி பிரஷர் டேங்கும் (உள்ளே ரப்பர் பையும் அழுத்தி அடைத்த காற்றும் இருக்கும் தொட்டி) வாங்கினேன். இடம் அடைக்கும், சத்தமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதில் கெட்டுப்போவது எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும் சாமான்: சீல், கண்டென்சர், பிரஷர் சுவிட்ச். காயில் எரிந்தாலும் காயில் கட்டும் கடையில் கொடுத்து வாங்கலாம். உப்புத் தண்ணீரில் எந்தப் பம்பும் கெடத்தான் செய்யும், கெட்டால் நம்ம ஊரிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்பதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இதிலும் ஒரு தொல்லை வந்தது. குழாயைத் திறக்காமலே பம்ப் டக் டக்கென்று போட்டுப் போட்டு நின்றது. முதலில் எங்காவது சொட்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஃப்ளஷ் டேங்க் கசிந்தது. அதைச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். கரன்ட்டை நிறுத்தி, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, வண்டி டயருக்குப் பார்ப்பது போலவே காற்றைப் பார்க்கலாம். பிரஷர் சுவிட்ச் 20 பாயிண்ட்டில் (psi) ஆன் ஆகிறது என்றால் காற்று 18 இருக்க வேண்டும்.

வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, டேங்குக்குள் இருக்கும் ரப்பர் பையை இன்னும் மாற்றும்படி வரவில்லை.

வாடகை வீடு, வைக்க இடமில்லை என்றால் இன்லைனே வையுங்கள். ஆனால் பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டரும், இரண்டு பக்கமும் யூனியனும் (திருகிக் கழற்றும் இணைப்பு) போடச் சொல்லுங்கள், பைப்பை அறுக்காமல் நீங்களே கழற்றிக் கழுவலாம்.