கடற்பாசி எண்ணெய்க்கு உலர் வறுப்பா, வெந்நீர்ப் பதமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், செம்பனை ஆலையை ஒட்டிக் கடற்பாசியை உயிரி எண்ணெயாக, அதாவது எரிபொருளாக, மாற்ற நினைப்பவர், அதை முதலில் எவ்வாறு சூடாக்கிப் பதப்படுத்துவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

உலர் வறுப்பில் பாசி, ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. பின்னர் வெப்பச் சிதைவில், அதாவது ஆக்சிஜனின்றி இன்னும் கடுமையாகச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்விக்கையில், கிடைக்கும் எண்ணெயில் நீரும் அமிலமும் குறைகின்றன. எண்ணெயின் அளவும் குறைகிறது. பச்சைப் பாசியின் எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர் என்பது இம்முறைக்குப் பெரிய தடைதான். ஆனால் சபாவின் செம்போர்னாவிலிருந்து வெயிலில் காய்ந்த பாசியை வாங்கினால் அத்தடை பெருமளவு நீங்கிவிடும். உண்மையான சிக்கல் உப்பு. பொட்டாசியமும் சோடியமும் வறுப்பில் போகாமல் செறிந்து, எண்ணெயாகக் குளிர வேண்டிய ஆவியை வாயுவாகவும் கரியாகவும் மாற்றிவிடுகின்றன.

வெந்நீர்ப் பதம், அழுத்தக் கலனில் 150 முதல் 200 பாகையில், அந்த உப்புகளில் பெரும்பகுதியைக் கரைத்து வெளியேற்றுகிறது. செம்பனைக் குலையை அவிக்கும் கலனே போதுமே என்று தோன்றலாம். அது சுமார் 3 பார் அழுத்தத்தில் இயங்குவது, 180 பாகைக்கோ ஏறக்குறைய 10 பார் வேண்டும். மேலும், செம்போர்னாப் பாசியில் மிகுந்துள்ள காராஜீனன் என்னும் கூழ்ப்பொருளும் வெந்நீரில் கரைவதால், எண்ணெயாக வேண்டிய கரிமமும் கழிவுநீரோடு போய்விடுகிறது.

எனவே இத்தகைய ஊருக்கு, பாசியைக் குளிர்ந்த நன்னீரில் அலசி, ஆலைக் கொதிகலனின் மிச்ச வெப்பத்தில் உலர்த்தி, அதன்பின் வறுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.