'ஒரு மணி நேரத்தில் சரியாகிடும் சார்' என்றவரிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தேன்

வேர்ட்பிரஸில் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளம் நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது தெரியவே நான்கு மாதம் ஆனது.

ஒரு ராத்திரி ஏழெட்டு பிளகின்களுக்கு (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) மொத்தமாக அப்டேட் கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தளம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திரை, 'கடுமையான பிழை' என்று ஒரு வரி. தளத்தை நிர்வகிக்கும் டாஷ்போர்டும் திறக்கவில்லை. பதற்றத்தில் தேடியபோது, நல்ல பாராட்டுகளோடு, தளங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் சிக்கினார். அட்மின் லாகின், ஹோஸ்டிங் பாஸ்வேர்டு இரண்டையும் கேட்டார். கொடுத்தேன். அரை மணியில் செய்தி வந்தது: "மால்வேர் இருக்கு சார், டேட்டாபேஸும் கரப்ட் ஆயிருக்கு, முழுசா க்ளீன் பண்ணணும்." முதலில் பேசிய தொகை அப்போதே இரட்டிப்பானது. எந்த ஃபைலில் மால்வேர் என்று கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் சார்" என்றார். அந்தப் பதிலிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மாலைக்குள் தளம் எழுந்துவிட்டது. நன்றி சொல்லி, மாதப் பராமரிப்புக்கும் ஒப்புக்கொண்டேன். அவ்வளவு நிம்மதி எனக்கு.

நான்கு மாதம் கழித்து ஒரு பக்கத்தைத் தவறுதலாக அழித்துவிட்டேன். பேக்கப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், கடைசி பேக்கப்பின் தேதி தளம் விழுந்த அதே நாள். பேக்கப் பிளகின் அணைக்கப்பட்டுக் கிடந்தது. அன்று தளம் எழுந்ததற்குக் காரணமே அதுதான் என்று பிறகு புரிந்தது. அவர் எதையும் க்ளீன் செய்யவில்லை. ஒன்றோடொன்று மோதிய இரண்டு பிளகின்களில் ஒன்றை அணைத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டினேன். நான்கு மாதமாக ஒரு அப்டேட் அறிவிப்புகூட வரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பிளகின் பட்டியலின் மேலே 'கட்டாயப் பயன்பாடு' என்று தனியாக ஒரு தாவல் உண்டு. எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரில் போடும் ஃபைல்கள் அங்கேதான் தெரியும். அவை தானாகவே ஓடும், டாஷ்போர்டிலிருந்து அணைக்கவும் முடியாது. அதில் நான் போடாத ஒரு ஃபைல் இருந்தது. அப்டேட் அறிவிப்புகளை மறைப்பது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலை, ஓர் ஆளை மறைப்பது. பயனர் பட்டியலில் மூன்று பெயர்தான் தெரிந்தது, மேலே எண்ணிக்கையில் மட்டும் (4) என்று இருந்தது. ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸை நேரடியாகப் பார்க்க உதவும் பிஎச்பி மைஅட்மினைத் திறந்து யூசர்ஸ், யூசர்மெட்டா டேபிள்களைப் பார்த்தேன். நான்காவது ஆள் அட்மின் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் தளத்திலும் இந்த எண்ணிக்கையை ஒரு தடவை சரிபாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

சரி, உண்மையில் என்னதான் பழுது? இதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். தளம் விழுந்த அன்றே வேர்ட்பிரஸ் எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறது. 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு: எந்த பிளகினில் பிழை என்று பெயர் சொல்லி, பழுதான பிளகினை நிறுத்திவைக்கும் மீட்பு முறையில் உள்ளே நுழைய ஒரு லிங்க்கும் அனுப்பும். அந்த லிங்க்குக்கு ஒரு நாள்தான் ஆயுள். என் மெயில் ஸ்பேமில் கிடந்தது.

சோதித்துப் பார்க்க என் தளத்தின் நகலாகப் பிரதித் தளம் ஒன்றை உருவாக்கி, அதில் பேக்கப் பிளகினை மறுபடி இயக்கினேன். அதே வெள்ளைத் திரை. தளத்தின் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில் டீபக் லாகை (பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவு) இயக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் லாக் ஃபைல் உருவாகிறது. அதில் ஒரே வரியில் இரண்டு ஃபோல்டர் பெயர்கள்: அழைத்தது மெயில் அனுப்பும் பிளகின், விழுந்தது பேக்கப் பிளகினுக்குள். இரண்டும் வெளி சர்வர்களோடு பேச கஸில் என்ற ஒரே லைப்ரரியை (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) தத்தம் ஃபோல்டரில் வைத்திருந்தன. எது முதலில் ஏற்றப்படுகிறதோ, அந்தப் பிரதிதான் இரண்டுக்கும். அன்றைய அப்டேட்டில் பேக்கப் பிளகின் கஸில் 7-க்கு மாறியிருந்தது, மெயில் பிளகின் இன்னும் 6-இலேயே இருந்தது. 6 கண்டுகொள்ளாமல் விட்ட மதிப்பின் வகையை (எண்ணா, எழுத்தா என்பது போல) 7 கறாராகச் சோதிக்கும். மோதல் அவ்வளவுதான். மால்வேரும் இல்லை, டேட்டாபேஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லாக் எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பேசாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கம் திறக்கிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது ஜாவாஸ்கிரிப்ட் சங்கதி; பிரவுசரில் எஃப்12 அழுத்தி கன்சோலைப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5, பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓடவைத்துக்கொண்டிருந்த ஜேக்வெரி மைக்ரேட்டை நீக்கியபோது ஏராளமான தளங்கள் அப்படித்தான் முடங்கின. எதுவுமே பிடிபடாவிட்டால் பாதி பிளகின்களை அணையுங்கள், பிழை போனால் குற்றவாளி அந்தப் பாதியில், பிறகு அதில் பாதி. ஒரே குற்றவாளி என்றால் 32 பிளகினுக்கும் ஐந்து சுற்று போதும். ஹெல்த் செக் பிளகினின் சோதனை முறையில் செய்தால் வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போலவே தெரியும், மாற்றம் உங்களுக்கு மட்டும்தான். டாஷ்போர்டே திறக்காதபோது, ஃபைல் மேனேஜரில் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் அணையும். இதற்கு எவரும் அரை மணிக்கு மேல் காசு கேட்க நியாயம் இல்லை.

மெயில் பிளகினை உருவாக்கியவருக்கு லாக் வரியை அப்படியே அனுப்பினேன். அடுத்த பதிப்பில், லைப்ரரியின் பெயருக்கு முன்னால் தன் பிளகினின் பெயரை ஒட்டி, வேறு யாருடையதோடும் முட்டாதபடி செய்துவிட்டார். காசு வாங்காதவர் செய்த வேலை இது.

சுத்தம் செய்யத்தான் இரண்டு நாள் பிடித்தது. அந்த ஃபைலையும் நான்காவது ஆளையும் நீக்கினேன். ஹோஸ்டிங், எஃப்டிபி (ஃபைல்களை ஏற்றி இறக்கும் வழி), டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன். டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள, லாகினைப் பாதுகாக்கும் ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பவர் உள்ளேயே இருக்க வாய்ப்பு உண்டு. பயனர் பக்கத்தில் 'அப்ளிகேஷன் பாஸ்வேர்டு' (வெளிச் செயலிகள் உள்ளே நுழையத் தரும் தனிப் பாஸ்வேர்டு) என்ற பகுதியையும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இனி யாருக்காவது வேலை கொடுத்தால் தற்காலிக அட்மின் கணக்கு ஒன்றுதான் தருவேன், அதுவும் பிரதித் தளத்தில். என்ன பிழை, எந்த வரி, எதை மாற்றினீர்கள் என்று எழுதி வாங்கிய பிறகே பணம்.

அவருக்கு மூன்று மெயில் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பராமரிப்புக் கட்டணம் கேட்கும் தானியங்கி மெயில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.